கோயில் மோரும் தவறணை நண்டும்

போன மாதம் ஊர்காவற்றுறைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், இளம் பொடியன், மோட்டார் சைக்கிளை என் படலையடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கதிரையில் இருக்கும் முன்னரே கேட்டுவிட்டார்: "சேர், இந்தத் தீவில நம்பி எங்கை சாப்பிடலாம்?"

அந்தக் கணத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. எங்கள் தொழிலில் இருப்பவனுக்குக் கடைகளின் பின்பக்கம் தெரியும். அதனால் முன்பக்கத்தில் இருந்து நிம்மதியாகச் சாப்பிட ஏலாது. நான் யோசிக்காமல் சொன்னேன், இப்போது ஓரிடமும் இல்லை, முந்தி ஒன்று இருந்தது, அது ஒரு கள்ளுத் தவறணை என்று. அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். தேத்தண்ணி ஆறும்வரை சொல்லியும் கதை முடியவில்லை. எழுதித் தாருங்கோ சேர், மற்றப் பொடியளும் வாசிக்கட்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். எழுதுகிறேன்.

நான் ஐம்பத்தாறுக்கு அடுத்த வருடம் வேலைக்கு எடுபட்டவன். பயிற்சி தெற்கில். கிணறு, மலசலகூடம், இறைச்சிக்கடை, பால், நுளம்பு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு புத்தகம், ஒவ்வொரு சோதனை. திரும்பி வந்து தீவுப்பகுதிக்கு நியமனம் கிடைத்தபோது, மூன்று மாதத்தில் இந்தக் கடலையே கழுவித் துடைத்து வைத்துவிடுவேன் என்று நம்பினேன். நயினாதீவுத் திருவிழாவுக்கு முதன்முதலாகக் கிணறுகளுக்குக் குளோரின் போட்டது நான்தான். போட்ட வேகத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. தண்ணீரை ஒரு மிடறு குடித்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, அம்பாளை ஆஸ்பத்திரியில வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். நெடுந்தீவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு எச்சரிக்கை கொடுக்கப் போனேன். கடல் குழம்பி லோஞ்சு வராததால் அந்தக் கடைக்காரர் வீட்டிலேயே தங்கி, அவர் மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, மறுநாள் காலை கை கழுவிவிட்டு அவருக்கு எச்சரிக்கையைக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. சோறு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

தவறணைக்கு வருகிறேன்.

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து சற்றுத் தள்ளி, பனங்கூடலும் கடற்கரையும் சந்திக்கும் இடத்தில் அது இருந்தது. சனம் அதைத் தகரத் தவறணை என்று சொல்லும். பாதி தகரம் துருப்பிடித்துக் கழன்றுவிட்டதால், அந்த இடத்துக்குத் தென்னோலைக் கிடுகு கட்டியிருந்தார்கள். கதவுக்குப் பிணைச்சல் இல்லை, தும்புக் கயிறுதான். உடைந்த வள்ளத்துப் பலகைகளை அடித்து இருப்பதற்கு வாங்கு செய்திருந்தார்கள். உள்ளே காலடி வைத்தால் புளித்த கள்ளின் மணமும் ஈயும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். நான் சைக்கிளை விட்டு இறங்கும்போதே இதைப் பூட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். உள்ளே போனது ஒரு மரியாதைக்குத்தான்.

குத்தகைக்காரர் அந்தோனி. முன்பு கப்பலில் வேலை செய்தவர், பேச்சுக் குறைவு. குசினி எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் கையைக் காட்டினார்.

பின்பக்கம் வேறு உலகம். சாணி மெழுகிய தரை, வெயிலில் காயும் வெள்ளைத் துணிகள், சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டிய புளியமரக் குற்றி, அதில் மூடி வைத்த கத்தி. கொடியில் நூல் போல ஏதோ வரிசையாகத் தொங்கியது. தூண்டில் கயிறு என்று நினைத்தேன். கோதுமை மாவை முட்டை விட்டுக் குழைத்து, தட்டி, மெல்லிசாக வெட்டி உலர்த்திய மா இழை அது. அடுப்படியில் நின்ற பெண் திரும்பினார். சீன முகம். "ஆர் தம்பி நீர்? செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்" என்று அவர் சொன்னது எங்கள் ஊர்த் தமிழ். செருப்பைக் கழற்றினேன்.

அவர் பெயர் ரோசலின். பினாங்கில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கையிலேயே அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வீட்டில் வளர்க்கக் கொடுபட்டவர். அக்காலத்தில் அங்கே அப்படி நடப்பது வழக்கமாம். தமிழை வளர்த்த வீட்டிலும், சமையலைப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஒருவரின் கடையிலும் படித்தவர். துறைமுகத்துக்கு வந்துபோன அந்தோனியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். வந்து பல வருடமாகியும் ஊருக்கு அவர் 'சீனாக்காரி'. பின்வளவுப் பெண்கள் அவருடைய வேலியோடு நின்று கதைத்ததை நான் கண்டதில்லை. தவறணைக்காரன் பெண்சாதி, அதிலும் ஆரென்று தெரியாத சாதி, அதிலும் சீன முகம்.

நான் கேள்விகளைத் தொடங்கினேன். தண்ணீர் எங்கிருந்து, மீன் எப்போது வாங்கியது, மிச்சத்தை என்ன செய்வது. அவர் தாச்சியை அடுப்பில் வைத்தபடியே பதில் சொன்னார். அடுப்புக்கு விறகு இல்லை, ஊமல். பனங்கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் பருப்பான பூரானை எடுத்தபின் மிஞ்சும் கோது அது. அதன் நெருப்பு வெள்ளையாக எரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. இஞ்சியும் உள்ளியும் விழுந்தன. அடித்து நொறுக்கிய நீலக்கால் நண்டு விழுந்தது. கூனி இறாலை உப்பிட்டுக் காயவைத்து இடித்த ஒரு கட்டியிலிருந்து நகமளவு கிள்ளிப் போட்டார். மணம் தலையைச் சுற்றியது. பிறகு முதல்நாள் மிஞ்சிப் புளித்த கள்ளில் ஒரு சிரட்டை ஊற்றினார். வினாகிரி எங்கே வாங்குவது, வாசலிலேயே புளிக்குதே என்றார். கடைசியாக அவித்த மா இழை. இரண்டு புரட்டல். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் போட்டு என் கையில் தந்தார். கள்ளுக் குடிக்கும் அதே ஓலைக் கிண்ணந்தான். ஒருமுறை பாவித்து எறிவது. எங்கள் புத்தகத்தில் அதைவிடச் சுத்தமான பாத்திரம் கிடையாது.

"நான் பரிசோதனைக்கு வந்தனான்" என்றேன்.

"அப்ப பரிசோதியும்" என்றார்.

பூட்டவில்லை. ஈ வராமல் வலை அடிக்கவும் கிணற்று வாளிக்கு மூடி போடவும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை வலை அடித்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். அதற்கடுத்த கிழமை வலை கிழியவில்லையா என்று பார்க்கப் போனேன். இப்படியே அந்த வலையை நான் வருடக்கணக்காகப் பரிசோதித்தேன்.

அங்கே சாப்பிடாத ஆண்கள் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அதைச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. கரம்பொன், வேலணைப் பக்கத்தில் வயல் தோட்டம் செய்யும் கமக்காரர் பனங்கூடலுக்குள்ளால் வருவார்கள். 'சீன இடியப்பம்' என்று அதற்குப் பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். இஞ்சி போட்டு அவித்த ஒட்டி மீன், காய்ந்த மிளகாயோடு பிரட்டிய கணவாய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம். கள்ளுக் குடித்ததை வீட்டில் ஒத்துக்கொள்வார்கள். சாப்பிட்டதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குடித்தால் பெண்சாதிக்குக் கோபம். வெளியில் ருசித்துச் சாப்பிட்டால் அவமானம்.

இனி என் மேலதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து கிழமைக்கொருமுறை பழைய ஒஸ்ரின் காரில் வருவார். மருத்துவர், எங்கள் பகுதிச் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர். ஊர் அவரைப் பெரிய டொக்டர் என்று சொல்லும். ஒல்லியான மனிதர், மதுவைத் தொடமாட்டார். விசாரணை நடக்கும் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கதிரையை வீட்டுக்கு வெளியே, வேலியோரம் போடச் சொல்லுவார். சட்டைக் கையை மடித்து, கையைக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டு, அதற்குப் பிறகுதான் முதற்கேள்வி. கேள்வி எப்போதும் பின்னிருந்து முன்னுக்குப் போகும். இப்போது என்ன குடித்தீர், அதற்கு முன்னர், அதற்கும் முன்னர். நாங்கள் காலையிலிருந்து தொடங்கினால் சனம் வழக்கத்தை ஒப்புவிக்கும், பின்னிருந்து தொடங்கினால் யோசிக்க வேண்டிவரும் என்பது அவர் கணக்கு. ஆளை நம்புவது, நம்பாதது என்ற முகக்குறி ஒன்றுமே அவரிடம் வராது. எனக்கு அது எரிச்சல். நான் கேள்வி கேட்கும்போதே பதிலையும் சொல்லிவிடுகிற ஆள்.

ஒரு வருடம், ஒரு பிள்ளையார் கோயிலில் கொடியேற்றத்துக்கு முன் கேணியைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தார்கள். கோயிலின் பெயர் வேண்டாம். ஊர் ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வேலை தொடங்கிய நாளிலிருந்து கொடியிறக்கம்வரை கள்ளும் இல்லை, மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை என்று சங்கற்பம். மத்தியானச் சாப்பாடு கந்தையா முதலாளியின் உபயம். தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர் அவர். திருவிழாவுக்கு மட்டும் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வருவார். வெறும் பெருமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் நின்று தானே பந்தி விசாரிக்கிற மனிதர்.

பின்னேரம் கேணிக்குள் மண் அள்ளிக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். வயிற்றைப் பிடித்தார்கள், சத்தி எடுத்தார்கள். கரத்தையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லகாலம், ஒருவரும் சாகவில்லை. ஆனால் வயதான ஒருவருக்கு நாடி இறங்கி, விடியும்வரை எல்லாருக்கும் பயம்.

பொழுது விடிய முன்னரே காரணம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் கொஞ்சப் பேர் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பனங்கூடலுக்குள் போனதை ஆரோ கண்டிருக்கிறார்கள். ஆர் ஆர் என்று கண்டவருக்குத் தெரியவில்லை. போன இடம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். சீனாக்காரி என்னத்தைப் போட்டுக் கொடுத்தாளோ, தவளையோ பாம்போ, சங்கற்பத்தை முறித்தவர்களைப் பிள்ளையார் தண்டித்துவிட்டார் என்று கதை வளர்ந்தது. முதலாளி பெரிய டொக்டரிடம் நேரில் போய்த் தவறணையைப் பூட்டச் சொன்னார்.

பெரிய டொக்டர் வந்தார், வேலியோரம் கதிரை போட்டார். ரோசலினிடம் பின்னிருந்து முன்னுக்குக் கேட்டார். அன்றைக்கு ஆர் ஆர் சாப்பிட்டது என்ற கேள்விக்கு மட்டும் ரோசலின் பிடி கொடுக்கவில்லை. ஆக்கள் இங்கே சாப்பிடுவது அவர்கள் காரியம், நான் பேர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். டொக்டர் வற்புறுத்தவில்லை. அடுப்பை அணைக்கச் சொன்னார், தான் அடுத்தமுறை வரும்வரை.

அந்தோனி என்னைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். தவறணைக் குத்தகையைப் புதுப்பிக்கும் காலம் அது. எங்கள் சுகாதாரப் பகுதியின் சம்மதம் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். இந்தமுறை தவறினால் வேறு ஆள் எடுத்துவிடுவான். "எனக்கெண்டால் கடல் இருக்குது தம்பி" என்றார். "அவளுக்கு இந்தக் குசினியை விட்டால் இந்த ஊரில என்ன இருக்கு?" அவரை நான் அறிந்த காலத்தில் அவர் என்னோடு கதைத்த நீளமான பேச்சு அதுதான்.

காரில் ஏறும்போது நான் டொக்டரிடம் அந்தக் குசினியின் அருமையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "நான் மணத்துக்குப் பூட்டுறதும் இல்லை, ருசிக்குத் திறக்கிறதும் இல்லை. ஆர் எங்கை சாப்பிட்டது எண்டு கொண்டுவாரும்."

கொண்டுவரப் போனேன். வீடு வீடாகச் சைக்கிள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிடமும், நோய் வராமல் வீட்டில் இருந்தவர்களிடமும் ஒரே கேள்வி. எல்லாரிடமும் ஒரே பதில். "கோயிலிலதான் ஐயா சாப்பிட்டனான்." பெண்சாதி பக்கத்தில் நின்றாலும் அதுதான், நிற்காவிட்டாலும் அதுதான். தவறணையில் என்னோடு முழங்கை இடிபட இருந்து நண்டுக்கால் சப்பியவர்களும் கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள், கோயிலில்தான்.

இது ரோசலினை எப்படி நெரித்தது என்று பாருங்கள். எல்லாரும் கோயிலில் சாப்பிட்டவர்கள் என்றால், அவர்களில் பாதிப்பேர் சுகமாக இருக்கிறார்கள். ஆகவே கோயில் சாப்பாட்டில் பிழை இல்லை. நோய் வந்த பாதிப்பேர் அதற்கு மேலே வேறெங்கோ எதையோ தின்றிருக்க வேண்டும். வேறெங்கோ என்றால் ஒரே இடந்தான். ஒவ்வொரு ஆணும் தன் மானத்துக்காகச் சொன்ன சின்னப் பொய், ஒன்றோடொன்று சேர்ந்து அந்தக் குசினியின் மேலே போய் விழுந்தது. ரோசலின் பேர் சொல்லாமல் காப்பாற்றியதும் அவர்களைத்தான்.

சின்னத்துரையின் வீட்டுக்கும் போனேன். பெரிய உடம்பு, தோட்டம் செய்கிறவர். திருவிழாவில் சுவாமி காவும்போது வாகனத்தின் முன்கொம்பு அவர் தோளில்தான். அவர் தகப்பன் தோளிலும் அதுதான் இருந்தது. அவரைப் போல ரோசலினின் நண்டுக்கு அடிமையான ஆளை நான் கண்டதில்லை. சாப்பிடும்போது கதைக்கமாட்டார், கதைத்தால் ருசி போய்விடும் என்பார். அவருக்கு நோய் வரவில்லை. என்னைக் கண்டதும் படலைக்கு வெளியே வந்தார்.

"கோயிலில என்ன என்ன கறி அண்ணை?" என்று கேட்டேன். வேறு கேள்வி வராததால் கேட்டதுதான்.

"என்ன, வழக்கமானதுதான். பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், கடைசியில பாயாசம்."

நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். ஒழுங்கை முடிவில்தான் அது மண்டையில் அடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர், மோர் குடிக்கும்போதே ஒரு மாதிரி இருந்தது என்று சொல்லியிருந்தார். பாயாசத்தை அவர் சொல்லவே இல்லை. திருப்பி மிதித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியில் என்ன பரிமாறினார்கள் என்று கட்டில் கட்டிலாகக் கேட்டேன். மோர், மோர், மோர். சுகமாக இருந்தவர்கள் வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். பாயாசம், பாயாசம். ஒருவர், "திறமான பாயாசம் ஐயா, கசுக்கொட்டையும் போட்டது" என்று அலங்காரமும் செய்தார். கோயில் சமையற்காரரைப் பிடித்தேன். அன்று பாயாசம் காய்ச்சவே இல்லை. கொடியேறின பிறகுதான் பாயாசம், வேலை செய்கிற வெயிலுக்கு மோர்தான் நல்லது என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரில் கோயில் சாப்பாடு பாயாசத்தில்தான் முடியும். அன்று பந்தியில் இராத ஒருவனுக்கு வேறு முடிவு கற்பனையிலும் வராது.

டொக்டர் வந்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் முதலில் மோர் எதில் இருந்தது என்று கேட்டார். புது அண்டாவில். முதலாளி தெற்கில் வாங்கி, தன் பெயர் வெட்டுவித்து, கோயிலுக்குக் கொடுத்த பித்தளை அண்டா. வழக்கமாக மோர் மண்பானையில்தான் இருக்கும். உபயப் பாத்திரத்தை முதற்சேவையில் பாவிக்காவிட்டால் முதலாளிக்கு மனவருத்தம் என்று, முதல்நாள் பின்னேரமே கடைந்து, தேசிக்காய் பிழிந்து அதற்குள் விட்டு வைத்தார்கள். நாங்கள் கோயிலுக்குப் போனபோது அண்டா புளி போட்டு மினுக்கி, சூரியன் மாதிரி இருந்தது. டொக்டர் குனிந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் வெறும் பித்தளை. ஈயம் பூசியது பேருக்கு. விளிம்பின் மடிப்புக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தார். துணி பச்சையாக வந்தது. களிம்பு.

துள்ளாத குறையாக நின்றேன். டொக்டர் துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"முதலாளி ஒண்டு கேப்பார். எல்லாரும் குடிச்ச மோர் பாதிப்பேரை ஏன் விட்டது எண்டு. அதுக்கு என்ன சொல்லுவீர்?"

"அவை குடிக்கேல்லை சேர். தவறணையில சாப்பிட்டவை."

"அது உமக்குத் தெரியும். ஒராள் எண்டாலும் தன்ரை வாயால சொல்ல வேணும்."

கோயில் வெளிமண்டபத்தில் ஆண்களைக் கூட்டினார்கள். டொக்டர் கதிரையில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். ஒரு தூணோடு முதலாளி நின்றார். அந்தோனியும் ரோசலினும் மண்டபத்துக்கு வெளியே, வேப்பமர நிழலில். டொக்டர் தாழ்ந்த குரலில், அன்று கோயிலில் சாப்பிடாதவர்கள் இருந்தால் சொல்லலாம், தண்டனை ஒன்றும் இல்லை என்றார். ஒருவரும் அசையவில்லை. தண்டனைக்கு அவர்கள் பயப்படவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் இருந்துகொண்டு, சங்கற்பத்தில் நண்டு தின்றேன் என்று எப்படிச் சொல்வது?

முதலாளிக்குக் கண் கலங்கியிருந்தது. நாடி இறங்கிப்போன வயோதிபர் அவருக்குச் சித்தப்பா முறை. "இவ்வளவு சனமும் கோயில் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டதெண்டு சொல்லுது. பிறகென்ன டொக்டர்? அந்தக் குசினியில நாயும் வாய் வைக்காது" என்றார்.

சின்னத்துரை எழும்பினார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"முதலாளி, நான் வாய் வைச்சனான்" என்றார். "அண்டைக்கு நான் கோயிலில சாப்பிடேல்லை. அங்கைதான். நண்டும் சீன இடியப்பமும்."

டொக்டர் கேட்டார், அதற்குப் பிறகு வயிற்றுக்கு ஏதாவது செய்ததா என்று.

"ஓம் டொக்டர். திரும்பப் பசிச்சது."

பின்னால் ஆரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தால், கசுக்கொட்டைப் பாயாசக்காரர். அவரும் எழும்பினார். பிறகு இன்னொருவர், இருந்தபடியே கையை அரைவாசி தூக்கினார். அப்புறம் ஒவ்வொன்றாக, சிலர் முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. கை தூக்கிய ஒருவருக்கும் நோய் வந்திருக்கவில்லை.

முதலாளி தூணோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். "அப்ப என்ரை அண்டாவோ?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பது போல இருந்தது. டொக்டர் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் குந்தி, பித்தளையும் புளிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும், விற்ற கடைக்காரன் பூச்சில் எப்படி ஏமாற்றியிருப்பான் என்று மெதுவாகச் சொன்னார். அவர் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியதை அன்றுதான் கண்டேன். அன்று பின்னேரமே முதலாளி அண்டாவை ஈயம் பூச அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாக நின்றார். வேப்பமரத்தடிக்கும் போனார். ரோசலினிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரோசலின் தலையை ஆட்டியதைக் கண்டேன்.

டொக்டர் ரோசலினிடம் சொன்னது மூன்றே சொல். "அடுப்பை மூட்டலாம், அம்மா." சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று ரோசலின் கேட்டபோது, அடுத்த கிழமையும் பரிசோதனைக்கு வரவேண்டியிருக்கு என்று மறுத்துவிட்டார். கடைசிவரை அங்கே அவர் வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

ஆனால் வழக்கம் வழக்கந்தான். சங்கற்பத்தை முறித்ததாக வாயால் சொன்னவன் அந்த வருடம் சுவாமியைக் காவ ஏலாது. கை தூக்கியவர்கள் எல்லாருக்கும் அதுதான். மற்றவர்கள் வழக்கமாகக் கூட்டத்தோடு தோள் கொடுப்பவர்கள், அவர்கள் இல்லாதது தெரியாது. சின்னத்துரையின் இடம் முன்கொம்பு. அங்கே வேறொருவர் நின்றதைத் தேர்முட்டியடியிலிருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். சின்னத்துரை வாகனத்துக்குப் பின்னால், சனத்தோடு சனமாக, கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

தவறணை திறந்துதான் இருந்தது, குத்தகையும் கிடைத்தது. சாப்பிடத்தான் ஆள் வரவில்லை. ஊருக்குத் தெரிந்த பிறகு எந்த முகத்தோடு வருவது? நான் போகும்போதெல்லாம் ரோசலின் துணி துவைத்துக்கொண்டிருப்பார், அல்லது சுத்தமான குற்றியைத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருப்பார். கொடியில் மா இழை இல்லை. ஒரு குசினியைப் பூட்டாமலே பூட்டலாம் என்று அப்போது விளங்கியது.

கொடியிறங்கி இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம், நான் அங்கே நின்றபோது தவறணை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, திருநீறு, குங்குமம். சின்னத்துரையின் மனைவி பாக்கியம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி அந்த வாசலில் நின்றதை அதற்கு முதல் ஆரும் கண்டதில்லை. வாங்கில் இருந்த இரண்டு பேர் பிளாவை வைத்துவிட்டுப் பின்கதவால் போய்விட்டார்கள். பாக்கியம் நேரே குசினிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். ரோசலின் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார், பிறகு ஏனோ திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நீரோ ரோசலின்?"

"ஓம்."

"என்ரை மனிசன் இந்த வருசம் சாமி காவேல்லை. தெரியுமோ?"

"தெரியும்."

"கேணியடிக்குத் தண்ணிக்குப் போனால் நாலு சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது. அந்த மனிசன் நான் வைச்சுக் குடுத்த ஒண்டையும் ஒருநாளும் நல்லாயிருக்கெண்டு சொன்னதில்லை. அப்பிடி என்னத்தைத் திண்டவர் எண்டு நான் பாக்க வேணும். போடும்."

ரோசலின் ஊமலை ஊதினார். தாச்சி வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓடிப்போய் அந்தோனியிடமிருந்து நண்டு வாங்கிவந்தேன். அன்று மா இழை இல்லாததால், மாவைத் தட்டி அங்கேயே வெட்டினார். அவசரத்தில் ஒன்றும் ஒரே அளவாக வரவில்லை. பாக்கியம் வள்ளப்பலகை வாங்கில் இருந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பிளாவைக் கையில் வாங்கினார்.

முதல் வாய்க்குப் பிறகு நிறுத்தினார். பிறகு நிறுத்தவில்லை. நண்டுக்காலைப் பல்லால் உடைத்து உள்ளே இருந்ததை உறிஞ்சினார், புருஷனைப் போலவே கதைக்காமல். பிளாவின் அடியில் தேங்கியதையும் குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்தார். அந்தோனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளு முட்டி கையில் சரிந்து ஊற்றுப்பட்டதும் அவருக்குத் தெரியவில்லை.

பாக்கியம் பிளாவை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும் அக்கா. சாமியை வாற வருசமும் காவலாம்."